இறக்கத்தில் சொட்டாத டீசல்

நசரத்பேட்டை
20-1-1986

உ
ஏழுமலையான் துணை

தம்பி ஆரோக்கியசாமிக்கு பஞ்சவர்ணம் எழுதுவது.

நீ நலமா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். கேட்க மனம் வரவில்லை.

பொங்கலுக்கு வெள்ளானூரில் ராணி வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் வீடு என்றால் நாலு நாள் கூடத்தான் ஆகும். அதற்குள் நீ பம்பாயிலிருந்து வந்து, டீசல் பில்லையெல்லாம் பக்கத்து வீட்டு நாகம்மாளிடம் கொடுத்துவிட்டு, அம்பத்தூரில் அடுத்த லோடும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். நேற்று வந்து பில்லைப் பார்த்தேன். மூன்று தடவை கூட்டினேன். போக வர, வழக்கத்தைவிட அறுபது லிட்டர் குறைவு.

வேறு ஓனராக இருந்தால் உனக்குக் கோழி அடித்துப் போட்டிருப்பார்கள். நான் நேற்று அடுப்பே பற்ற வைக்கவில்லை.

டீசல் திருடுகிற டிரைவரை எனக்குத் தெரியும். அவனைத் திட்டலாம், துரத்தலாம். டீசலை மிச்சம் பிடிக்கிற டிரைவரையும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அவனோடு இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினேன். அவன் மலை இறக்கத்தில்தான் மிச்சம் பிடிப்பான். கியரைக் கழற்றி நியூட்ரலில் விட்டு, பத்து டன் பாரத்தையும் அதன் போக்கில் உருள விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவான். உன் அண்ணன் அப்படித்தான் கம்பாட்கி மலையில் இறங்கினார். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. வண்டியைக் கிரேன் வைத்து எடுத்தார்கள். அவரை ஒரு ஜமுக்காளத்தில் வைத்து எடுத்தார்கள்.

உனக்கு இது தெரியாததா? அவரிடம் கிளீனராக வந்து ஸ்டியரிங் பிடிக்கக் கற்றவன் நீ. ஐந்து வருஷமாக இந்த ஒரு வண்டியை உன்னை நம்பித்தான் ஓட்டுகிறேன்.

லிட்டருக்கு மூன்றே முக்கால் கிலோமீட்டர், அதற்கு மேல் மிச்சமாகிற டீசலில் பாதி டிரைவருக்கு என்பது நம் வண்டி வழக்கம். இந்தத் தடவை அந்தப் பாதியைத் தர மாட்டேன். நியூட்ரல் போட்டாயா, இல்லையா? ஒரே வரியில் பதில் எழுது. போட்டாய் என்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடு. உன் பெண்டாட்டி தெரசாவுக்கும் ஒரு ஜமுக்காளம் அனுப்ப என்னால் முடியாது.

பஞ்சவர்ணம்


பம்பாய், வடாலா
24-1-1986

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணிக்கு ஆரோக்கியசாமி எழுதிக்கொண்டது.

ஒரே வரி கேட்டீர்கள். நியூட்ரல் போடவில்லை. வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் மனசு கேட்கவில்லை. உங்கள் கடிதத்தைப் புக்கிங் ஆபீஸ் வாசலில் நின்றே படித்தேன். படித்துவிட்டு வாங்கிய டீயைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து பால்ராஜ் பயந்துவிட்டான். "இன்னா அண்ணாத்தே, ஊட்ல யாருக்குனா ஒடம்பு சரியில்லியா?" என்றான். "டீசல் மிச்சமாயிடுச்சாம், அண்ணி திட்டி எழுதிகீறாங்க" என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். மாற்று டிரைவராக அவன் கூடவே இருக்கிறான், வேண்டுமானால் அவனையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். மார்கழியில் போன டிரிப்பில் சித்ரதுர்காவைத் தாண்டும்போது பின்பக்க ஸ்பிரிங் பட்டை ஒன்று உடைந்தது. வேகம் போனால் மற்ற பட்டைகளும் போய்விடும். வழக்கமாக அறுபத்தைந்தில் போகிற ரோட்டில் நாற்பத்தைந்தைத் தாண்டாமல் வந்தேன். பின்னால் வந்தவன் எல்லாம் ஹார்ன் அடித்தே என்னைக் கொன்றான். பூனா வந்ததும் டீசல் போட வேண்டுமே என்று டேங்கில் குச்சியை விட்டேன். அண்ணி, டீசல் நிற்கிறது! எப்போதும் அந்த இடத்தில் குச்சி நுனிதான் நனையும். இந்தத் தடவை ஒரு சாண் நனைந்து வருகிறது. தண்ணீர் கலந்துவிட்டதோ என்று குச்சியை மோந்து பார்த்தேன். சுத்தமான டீசல்.

ஊருக்கு வந்ததும் எட்மண்டிடம் போனேன். அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்தில் டீசல் பம்ப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானே, நம் சர்ச் பையன், அவன்தான். "வேகமா போவ சொல்லோ பாதி டீசலு காத்தைத் தள்றதுக்குத்தான் போவுது அண்ணாத்தே" என்றான். எனக்கு நம்பிக்கை இல்லை. ராணிப்பேட்டை தாண்டி நல்ல ரோட்டில் பால்ராஜிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, கையை வெளியே நீட்டினேன். அறுபத்தைந்தில் ஒரு ஆள் எதிரே நின்று உள்ளங்கையைத் தள்ளுகிறான். நாற்பத்தைந்தில் ஒரு குழந்தை தள்ளுகிறது. ஒரு கைக்கே இப்படி என்றால், தார்ப்பாய் போட்டுச் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிற நம் வண்டியை எத்தனை ஆள் தள்ளிக்கொண்டிருப்பார்கள்! இருபது வருஷமாக இந்த ரோட்டில் காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஓட்டியிருக்கிறேன். மலைத்துப் போய்விட்டேன்.

அதன் பிறகுதான் பொங்கல் டிரிப்பை முழுக்க நாற்பத்தைந்தில் ஓட்டினேன். அறுபது லிட்டர் அப்படி வந்ததுதான்.

மெதுவாக ஓட்டினால் டிரிப் குறையுமே, டிரிப்புக்குத்தானே பேட்டா, இவன் ஏன் தன் வயிற்றில் தானே அடித்துக்கொள்கிறான் என்று நினைப்பீர்கள். நமக்குத் திரும்பும் லோடு சனிக்கிழமை மட்டும்தான் ஏற்றுகிறார்கள். நம்மூர் வேம்புலியின் வண்டிகள் புதன்கிழமையே வந்து வரிசையில் நிற்கின்றன. மூன்று நாள் சீட்டாடிவிட்டு எங்களோடுதான் சனிக்கிழமை ஏற்றுகிறார்கள். நான் வியாழக்கிழமை வருகிறேன், அவ்வளவுதான். அவன் டிரைவர்கள் என்னைப் பார்த்து, "இன்னா மாமே, மாட்டு வண்டில வந்தியா?" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

பாதி டீசல் காசு வேண்டாம் அண்ணி. என்னை நம்பவில்லை என்பதுதான் தாங்கவில்லை.

இப்படிக்கு,
ஆரோக்கியசாமி


நசரத்பேட்டை
3-2-1986

உ
ஏழுமலையான் துணை

தம்பிக்கு,

நீ வியாழக்கிழமை வந்தபோது கதவைத் திறக்காமல் நாகம்மாளை விட்டுப் பேச வைத்தது தப்புதான். உன் முகத்தைப் பார்த்தால் நம்பிவிடுவேன் என்று பயந்தேன். எனக்கு நம்ப ஆசையாக இருந்தது, அதனால்தான் நம்பப் பயம்.

நீ எழுதிய கை நீட்டும் வித்தையை நானும் செய்து பார்த்தேன். பூந்தமல்லி போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கையை நீட்டினேன். கண்டக்டர், "இன்னாம்மா, கை வோணாவா? உள்ள இஸ்துக்கோ" என்று கத்தினான். நாற்பத்தெட்டு வயதில் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்க வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் நீ சொன்னது நிஜம். நசரத்பேட்டை தாண்டி அவன் வேகம் பிடித்ததும் காற்று என் கையை முழங்கையோடு மடக்கியது. எத்தனை முறை போன ரோடு! எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

ஆகவே வேகத்தில் மிச்சமானதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் எட்டாவது வரை படித்தவள். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சித்ரதுர்கா இருக்கிறது, ராணிப்பேட்டை இருக்கிறது, பூனா இருக்கிறது. கம்பாட்கி இல்லை. கண்டாலா இல்லை. மலையில் எப்படி இறங்கினாய் என்று ஒரு வரி எழுதவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் அதை விட்டுவிட்டு எழுதுகிறான்?

வேம்புலி வீட்டுப் பக்கம் வந்திருந்தான். "அக்கா, எறக்கத்துல கியர்ல எறங்குனா இஞ்சின் கத்தோ கத்துனு கத்தும், டீசலைக் குடிச்சிடும். அறுவது லிட்டரு மிச்சம்னா உன் ஆளு நியூட்ரல்தான், இதுல இன்னா சந்தேகம்" என்றான். முப்பது வருஷமாக வண்டி வைத்திருப்பவன் சொல்கிறான்.

இந்த டிரிப் உன் கடைசி டிரிப்பா இல்லையா என்பது உன் பதிலில் இருக்கிறது. மலையைப் பற்றி எழுது. எதையும் விடாதே.

பஞ்சவர்ணம்


பம்பாய், வடாலா
7-2-1986

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணிக்கு,

கம்பாட்கி என்ற பெயரை உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. அதனால்தான் விட்டேன், வேறு ஒன்றும் இல்லை. அண்ணாத்தே போன அந்த டிரிப்பில் நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவன். மாதா திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போகிறேன் என்று லீவு கேட்டேன். "போய்ட்டு வாடா, எனக்கும் சேத்து ஒரு மெழுகுவத்தி ஏத்து" என்று அனுப்பினார். இன்றைக்கும் அந்த மலை உச்சிக்கு வந்தால் சிலுவை போட்டுக்கொள்ளாமல் இறங்க மாட்டேன்.

எல்லாவற்றையும் எழுதச் சொல்லிவிட்டீர்கள். எழுதுகிறேன்.

உச்சியில் வண்டியை நிறுத்துவேன். பால்ராஜ் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்து வருவான். பிறகு இரண்டாவது கியர். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். டீசல் போகுமே என்று யாரும் செய்வதில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாத்தே போனதிலிருந்து, டீசல் போனால் போகட்டும் என்று கியரிலேயே இறங்குகிறேன். வேம்புலி சொன்னது சரி, இன்ஜின் கத்தும். மலையே திரும்பக் கத்தும். நடந்து போகிறவன் என்னைத் தாண்டிப் போவான். பிரேக்கை எப்போதாவது தொடுவேன்.

போன வாரம் ஊருக்கு வந்தபோது இதைச் சொன்னேன், எட்மண்ட் சிரித்தான். "கத்தறதுனால குடிக்குதுனு ஆரு சொன்னா?" என்றான். பம்பைச் சோதிக்கிற மிஷினில் நம் வண்டி மாதிரி பம்ப் ஒன்றை மாட்டி வைத்திருந்தான். மோட்டார் அதைச் சுழற்றும். கீழே ஆறு கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நிற்கும். இன்ஜினுக்குள் போக வேண்டிய டீசல் அந்தக் குழாய்களில் விழும், எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்ப் எப்படி இருக்குமோ அப்படி வைத்தான். மெதுவாகச் சுற்ற விட்டான். குழாய்களில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. "இது நியூட்ரல். வண்டி உருளுது, இஞ்சின் சும்மா ஓடிகினு கீது" என்றான். பிறகு வேறு எதையும் தொடாமல் சுற்றை மட்டும் கூட்டினான். இறக்கத்தில் கியரில் போனால் சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுற்றுமே, அந்த வேகம். பம்ப் அலறுகிறது. கடையில் பேசுவது கேட்கவில்லை. அண்ணி, ஆறு குழாயிலும் ஒரு சொட்டு விழவில்லை!

நான் குனிந்து பார்த்தேன், மூக்கு கண்ணாடியில் இடிக்கிற வரை. ஒன்றும் இல்லை. பம்புக்குள் இரண்டு குண்டுகள் இருக்கின்றனவாம். வேகமாகச் சுற்றினால் அவை விரிந்துகொண்டு, டிரைவர் கால் எடுத்துவிட்டான், டீசல் வேண்டாம் என்று தாங்களே அடைத்துவிடுமாம். வண்டி செய்த முதல் நாளிலிருந்து அப்படித்தானாம். இத்தனை வருஷமாக எங்கள் காலடியில் அது பாட்டுக்கு அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. எங்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை.

இந்தத் தடவை கண்டாலாவில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்கித் தரையில் வைத்துக்கொண்டேன். பத்து டன் பாரம், பக்கத்தில் பாதாளம், தூரத்தில் ரயில் ஒரு பூரான் மாதிரி மலையில் ஊர்கிறது. இன்ஜின் வண்டியை இழுக்கவில்லை, வண்டிதான் இன்ஜினைச் சுற்றுகிறது. சொட்டு டீசல் இல்லாமல் இன்ஜின் அவ்வளவு பாரத்தையும் பிடித்து, முனகி முனகி, என்னைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கோவிலில் நிற்பது மாதிரி எனக்கு உடம்பு சிலிர்த்தது. பால்ராஜிடம் சொன்னேன், அவனும் காலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கியரில் இறங்கினால்தான் மிச்சம் அண்ணி. நியூட்ரலில்தான் செலவு. வேம்புலிக்கும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆரோக்கியசாமி


நெமிலிச்சேரி
19-2-1986

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணிக்கு,

வந்து ஆறு நாள் ஆகிறது. உங்கள் வீடு பூட்டியிருக்கிறது. என் கடிதம் கிடைத்த அன்றே, கையில் ஒரு பை மட்டும் எடுத்துக்கொண்டு வெள்ளானூருக்குக் கிளம்பிவிட்டீர்கள் என்று நாகம்மாள் சொன்னாள். அடுப்பில் இருந்த பாலைக்கூட இறக்கவில்லையாம். அவள்தான் இறக்கி வைத்தாளாம்.

லோடு ஏற்றலாமா என்று கேட்க ஆள் இல்லை. வண்டி ஷெட்டில் நிற்கிறது. சாவி என் சட்டைப் பையில்.

தெரசாவிடம் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "யோவ், அந்தம்மாவுக்குப் போயி இதை எழுதுவியா? அவங்க ஊட்டுக்காரரு ஒண்ணுமில்லாததுக்குச் செத்தாருன்னு எழுதிகீறியே" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிஷினைப் பார்த்த சந்தோஷத்தில் மனுஷரை மறந்துவிட்டேன்.

நான் மூடன். தவக்காலம் தொடங்குகிற நேரத்தில் ஒரு பெரிய பாவம் செய்துவிட்டேன். சாவியை எங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

ஆரோக்கியசாமி


வெள்ளானூர்
24-2-1986

உ
ஏழுமலையான் துணை

தம்பி ஆரோக்கியசாமிக்கு,

மூடன்தான். ஆனால் பாவம் உன்னுடையது அல்ல.

இதுவரை யாருக்கும் சொல்லாததை எழுதுகிறேன். ராணிக்கும் தெரியாது. உன் அண்ணனுக்கு நியூட்ரலைக் கற்றுக்கொடுத்தது ரோடு இல்லை, நான். வண்டி வாங்கின புதிதில் வட்டி கழுத்தை நெரித்தது. ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "வேம்புலி வண்டி லிட்டருக்கு நாலு குடுக்குதாம். உன்னுது மட்டும் இன்னா மூணரை?" என்று கேட்டேன். அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அடுத்த டிரிப்பில் இருபது லிட்டர் டின் ஒன்றை நிரப்பிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "எறக்கத்துல மிச்சம் புடிச்சேன், போதுமா?" என்றார். போதும் என்று நான் சொல்லவில்லை. சிரித்தேன். டிரிப்புக்கு டிரிப் ஒரு டின் வந்தது. கியரில் இறங்கினால் டீசல் போகும், நியூட்ரலில் இறங்கினால் உயிர் போகும் என்று எனக்குத் தெரியும். டீசலுக்காக அந்த மனுஷரை மலையிலிருந்து உருட்டிவிட்டேன் என்றே ஐந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் அதையும் பிடுங்கிக்கொண்டது. டீசலுக்காகக்கூட இல்லை என்கிறாய். நீ சொன்னால் போதுமா? என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ராணியைக் கூட்டிக்கொண்டு அம்பத்தூருக்குப் போனேன்.

எட்மண்ட் நல்ல பையன். யார் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூல் போட்டான். நான் உட்காரவில்லை. நீ எழுதியபடியே செய்து காட்டினான். "பாருக்கா, இது நியூட்ரல்" என்றான். ஆறு குழாயிலும் சொட்டியது. ஒவ்வொரு சொட்டையும் பார்த்தேன். பிறகு சுற்றைக் கூட்டினான். கடை அதிர்ந்தது, ராணி காதைப் பொத்திக்கொண்டாள். சொட்டு நின்றுவிட்டது. வாய்க்கால் மதகை இறக்கினது மாதிரி, சட்டென்று. "இன்னொரு தபா" என்றேன். காட்டினான். ஏழு தடவை பார்த்தேன். அவன் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

"அப்ப அந்த டின்னு ஏதுப்பா?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. உன் அண்ணன் கொண்டுவந்த டின்னைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தான். "நியூட்ரல்ல மிச்சமாயிருக்காதுக்கா. கைக்காசு போட்டுப் புடிச்சிகினு வந்திருப்பாரு" என்றான்.

தம்பி, நான் அங்கேயே, கிரீஸ் படிந்த தரையில் உட்கார்ந்துவிட்டேன். பேட்டாவில் வாயைக் கட்டி, என் சிரிப்பைப் பார்ப்பதற்காக இருபது லிட்டர் வாங்கி நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். நியூட்ரலில் மிச்சமாகும் என்று அவரும் நம்பித்தான் இறங்கியிருப்பார், மிச்சம் வராதபோது தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக் காசு போட்டிருப்பார். கடைசி டின் இன்னும் ஷெட்டில் மூடி திறக்காமல் இருக்கிறது. ஐந்து வருஷமாக அதைத் தொடத் தைரியம் இல்லை.

அந்த மிஷின் முன்னால் அழுதேன். ஆனால் கடிதத்தில் எழுத வந்தது அழுகையைப் பற்றி இல்லை. இத்தனை அருமையான ஒன்றை எந்தப் புண்ணியவானோ யோசித்து அந்த இரும்புக்குள் வைத்திருக்கிறான். கால் எடுத்தால் டீசல் வேண்டாம், நானே உன்னைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஒன்று அதற்குள் இருந்திருக்கிறது. அவர் இறங்கிய அன்றும் இருந்திருக்கிறது. கியரைப் போட்டிருந்தால் போதும். ஏழாவது தடவை சொட்டு நின்றபோது என்னை அறியாமல் கை கூப்பிவிட்டேன். எட்மண்ட் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

இனிமேல் நம் வண்டியில் மைலேஜ் வழக்கம் இல்லை. பாதி டீசல் இல்லை, டிரிப் பேட்டாவும் இல்லை. உனக்கும் பால்ராஜுக்கும் மாசச் சம்பளம், வண்டி நின்றாலும் ஓடினாலும். வழிச் சாப்பாடு தனி. எவ்வளவு என்று நேரில் பேசிக்கொள்வோம், நீ குறைத்துச் சொன்னால் கோபம் வரும். வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தால் போதும். வெள்ளிக்கிழமை போனாலும் நான் கேட்க மாட்டேன். பொங்கல் டிரிப்பில் உனக்குச் சேர வேண்டிய பாதியையும் கணக்குத் தீர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.

வேம்புலிக்குச் சொன்னேன். நம்பவில்லை. அவனையும் அம்பத்தூருக்கு இழுத்துக்கொண்டு போகப் போகிறேன், வராமல் எங்கே போவான்.

சாவியை யாரிடமும் கொடுக்காதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை லோடு ஏற்றிக்கொண்டு காலையில் நசரத்பேட்டை வீட்டுக்கு வா. ஷெட்டில் இருக்கிற அந்த டின்னைத் திறந்து டேங்கில் ஊற்று. நானும் வண்டியில் வருகிறேன். திருப்பதியைத் தாண்டி எங்கும் போனதில்லை, ராணி பயப்படுகிறாள், பயப்படட்டும்.

கம்பாட்கி உச்சி வந்ததும் எனக்குச் சொல். இரண்டாவது கியரைப் போட்டுவிட்டு, உன் காலை எடுத்து நான் பார்க்கிற மாதிரி வை.

பஞ்சவர்ணம்